வழி தெரியாத நீர்

இரவு இரண்டு நாற்பது.
பூன் லே, பதினோராம் மாடி.
மின்விசிறி மூன்றில் சுற்றுகிறது.
கிரீன்லாந்தில் இன்னும் நேற்று மாலை.
அறுநூற்றுப் பத்து மீட்டர் பனிக்கு அடியிலிருந்து
ஏழாம் எண் உணரி
என் மடிக்கணினியோடு பேசுகிறது.
அதற்குத் தெரிந்தது ஒரே சொல்:
அழுத்தம்.

பகலெல்லாம் வெயில் உருக்கிய நீர்
மேலே நீலக் குளங்களாய்த் தேங்கி,
ஒரு வெடிப்பைக் கண்டதும் தலைகுப்புற விழுந்து
அடிப்பாறையைத் தொட்டிருக்கும்.
அங்கே போக்கிடம் இல்லை.
போக்கிடம் இல்லாத நீர் என்ன செய்யும்?
முதுகு கொடுக்கும்.
மலையளவு பனியை
ஒரு விரற்கடை தூக்கும்.
பாறையைப் பற்றியிருந்த பிடி விட்டு
பனியாறு கடல் பக்கம் நழுவும்.

எனக்கு அது ஒரு கோடு.
ஏறும், உச்சியில் தயங்கும், இறங்கும்.

மூன்று ஆண்டுகள் நம்பியிருந்தேன்
நீர் கூடினால் வேகம் கூடும் என்று.
ஜூலையில் நீர் இரண்டு மடங்கு.
பனியோ மெதுவானது.
கருவி கெட்டுவிட்டது என்றேன்.
கருவியை மாற்றினோம்.
புதியதும் அதையே சொன்னது.

அந்த வாரம்தான்
ஜூரோங் மீன்பிடித் துறைமுகத்துக்கு
வஞ்சிரம் வாங்கப் போனேன், தூக்கம் வராமல்.
ஒன்பதாம் மாடி ஹாஜா மைதீன்
நூற்றைம்பது கிலோ ஐஸ் பாளத்தை
ஒற்றைக் கொக்கியால்,
பழைய சைக்கிளை உருட்டுவதுபோல்
தள்ளிக்கொண்டு போனார்.
தரையெங்கும் மெல்லிய நீர்.
சாக்கடை வாயில் செதில்கள் அடைத்துக்கிடந்தன.

துப்புரவு லியோங் வந்தார்.
குனிந்து, வெறுங்கையால்,
ஒரு கொத்துச் செதிலைப் பிடுங்கினார்.

சளக்.

தரையின் நீருக்கெல்லாம்
ஒரே நொடியில் வழி தெரிந்துவிட்டது.
வரிசை பிடித்து ஓடியது.
பாதி வழியில் பாளம்
கிறீச்சென்று நின்றது.
ஹாஜா முதலில் தமிழில் திட்டினார்,
போதாமல் மலாயில்,
லியோங்குக்குப் புரியவேண்டுமென்று ஹொக்கியனில்.

மீன் பையோடு நின்று சிரித்தேன்.
"என்னக்கா சிரிப்பு?"
சொன்னேன்:
பனிக்கு அடியிலும் நீர் முதலில் அலைகிறது,
அலையும்வரை தூக்குகிறது.
பிறகு தனக்கொரு குகை குடைந்துகொள்கிறது.
குகை கிடைத்த நீர்
யாரையும் தூக்குவதில்லை.

ஹாஜா ஒரு வாளி நீரைப்
பாளத்தின் காலடியில் கொட்டினார்.
"இதுக்கா மூணு வருஷம் சம்பளம் குடுத்தாங்க?"

பாளம் நகர்ந்தது.

இந்த நகரில்
ஒவ்வொரு துளிக்கும் முகவரி உண்டு.
மூன்று மணி மழை நான்கு மணிக்குக் கால்வாயில்,
ஐந்துக்குத் தரை காய்ந்து,
யாரும் வழுக்கி விழுந்ததாய்ச் செய்தியில்லை.
ஆனால் பனி மெலிந்தால்
அதன் ஈர்ப்பும் மெலியும்.
இத்தனை காலம் தன்னோடு இழுத்து வைத்திருந்த கடலை
அது கைவிடும்.
பனியின் வாசலில் கடல் தாழும்.
ஈஸ்ட் கோஸ்ட்டில்,
பனியையே பார்த்திராத தென்னைகளின் காலடியில்,
உயரும்.
அந்த நீருக்கு
எந்தக் கால்வாயில் எண் எழுதி வைத்திருக்கிறோம்?

நான்கு பன்னிரண்டு.
கோடு ஏறிக்கொண்டிருக்கிறது,
இதுவரை நான் பார்த்திராத உயரத்துக்கு.
பிறகு கோடு இல்லை.
வெள்ளைத் திரை.
கம்பி அறுந்திருக்கவேண்டும்.
எதை அளக்க இறக்கினோமோ
அதுவே இழுத்து அறுத்திருக்கும்.
இரங்கல் சொல்ல அதற்கு உறவினர் இல்லை.
பதிவேட்டில் எழுதினேன்:
"ஏழு. தொடர்பு இல்லை. காரணம்: நகர்வு."

கீழே கோப்பிக்கடை திறக்க நேரமிருந்தும்
இறங்கிப் போனேன்.
ஒன்பதில் லிஃப்ட் நின்றது.
ஹாஜா அப்போதுதான் வீடு திரும்பியிருக்கிறார் போலும்.
கதவுக்கு வெளியே ரப்பர் பூட்ஸ் சிந்திய ஈரம்,
மீன் வாடையோடு,
எங்கே போவதென்று தெரியாமல்
சமதளத் தரையில் பரவிக்கொண்டிருந்தது.
ஏனோ அதைப் பார்க்க வெளியே கால் வைத்தேன்.

செருப்பு வழுக்கியது.
ஒரு விரற்கடைதான்.
சுவரைப் பிடித்துக்கொண்டேன்.